படிக்கிற பிள்ளைக்கு 4 ஜிபி ராம் டேப்லெட் போதாது
படிப்புக்கு மட்டும் என்றால் பட்ஜெட் டேப்லெட்டே போதும் என்று டேப்லெட் வாங்குவது பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு 4 ஜிபி ராம் (திறந்து வைத்த ஆப்களைத் தாங்கிப் பிடிக்கும் தற்காலிக நினைவகம்) உள்ள ஒன்றை வாங்கித் தந்தேன். இயற்பியல் புத்தக பிடிஎஃப்பைத் திறந்து வைத்துவிட்டு யூடியூப் வகுப்புக்குப் போய்த் திரும்பினால், புத்தகம் மறுபடி முதல் பக்கத்திலிருந்து திறக்கும். விட்ட பக்கத்தை அவள் விரலால் தள்ளித் தள்ளித் தேடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். மெமரி கார்டு போட்டாலும் இது தீராது, ராமைப் பின்னால் கூட்டவும் முடியாது. படம் பார்க்க மட்டும் என்றால் மலிவானதே சரி. வைட்வைன் எல்1 (வீடியோவைத் திருட்டு நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பின் உயர்ந்த நிலை) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் வராது. படிக்கிற பிள்ளைக்கு 8 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். போன வருட பிரீமியம் மாடல் விலை இறங்கிக் கிடைத்தால் அதையே எடுங்கள். அப்புறம், திரையில் எழுதும் பேனா கூடவே வருகிறதா என்றும் கேளுங்கள்.