சுக்காவின் கூரை ஒழுகத்தான் வேண்டும்

யூதர்களின் கூடாரப் பண்டிகையான சுக்கோத் நெருங்கினால், அந்த ஏழு நாளும் தங்கிச் சாப்பிடுவதற்கான சுக்கா என்ற குடில்கள் ஆயத்தமாகப் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்துவிடுகின்றன. குழாய்ச் சட்டம், துணிச் சுவர், சுருட்டிய மூங்கில் பாய். வாங்குகிறவர்களின் கவனமெல்லாம் சுவர்ப் படத்திலும் சர விளக்கிலும் போகிறது. பாயைக் கடைசியில் மூடி போட்ட மாதிரி விரித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. சுக்கா என்றாலே கூரைதான்.

குடிலில் தங்கச் சொல்லும் கட்டளை, யூதர்கள் வாரந்தோறும் வாசிக்கும் வேதப் பகுதிகளுள் ‘எமோர்’ என்பதில், லேவியராகமம் 23இல் இருக்கிறது. அதை வாசிப்பது வசந்த காலத்தில். பண்டிகையோ இலையுதிர் காலத்தில், யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 15இல். இஸ்ரவேலர் எகிப்தை விட்டுப் புறப்பட்டு வனாந்தரத்தில் தங்கியதன் நினைவே இந்தக் குடில். புறப்பட்டது வசந்தத்தில்தானே, குடிலையும் அப்போதே போட்டால் என்ன? 14ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் யாக்கோவ் பென் ஆஷெர் இதற்குப் பதில் சொல்கிறார்: வெயில் காலத்தில் நிழலுக்காக எல்லாருமே குடில் போடுவார்கள். மழை வருகிறதென்று ஊரே வீட்டுக்குள் போகும்போது வெளியே வந்தால்தான் அது கட்டளைக்காக என்று விளங்கும்.

வனாந்தரத்தில் அவர்களுக்குக் குடிலாக இருந்தவை இறைவனின் மகிமை மேகங்கள் என்கிறார் பண்டைய ரபி (யூத மத ஆசான்) எலியேசர். நிஜக் குடில்களேதான் என்கிறார் ரபி அகிவா. யூதச் சட்டத் தொகுப்பான ஷுல்ஹான் அரூக் மேகங்களை எடுத்துக்கொண்டாலும், கட்டும் விதிகளைப் படிக்கப் படிக்க அகிவா சொன்னதே எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

சுவருக்குச் சலுகை அதிகம். எந்தப் பொருளும் ஆகும். இரண்டு முழுச் சுவரும் மூன்றாவதில் ஒரு கையகலமும் இருந்தாலே அடிப்படை விதி நிறைவேறிவிடும். உயரம் பத்துக் கையகலம், அதாவது குறைந்தது 80 சென்டிமீட்டர். துணிச் சுவரில்தான் சிக்கல். காற்றில் படபடத்து ஆடுவதைச் சுவராகக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்கு வழி உண்டு: தரையிலிருந்து 22, 44, 66, 88 சென்டிமீட்டர் உயரங்களில் நான்கு பக்கமும் நாடாவை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். இடைவெளி மூன்று கையகலத்துக்குள், அதாவது 24 சென்டிமீட்டருக்குள் இருப்பதால் அந்த நாடாக்களே சுவராகிவிடும்.

கூரைக்கு வேயும் ‘ஸ்காக்’ மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும், வெட்டப்பட்டிருக்க வேண்டும், பாத்திரமாகவோ படுக்கையாகவோ ஆகியிருக்கக் கூடாது. படுக்க முடைந்த பாய் செல்லாது, கூரைக்கென்றே முடைந்தது செல்லும் என்கிறது பழைய யூதச் சட்ட நூலான மிஷ்னா. கொச்சி யூதர்கள் தென்னோலை வேய்ந்தார்கள். ஆனால் கீற்றை நம்மூர் வீட்டுக்குப் போடுவதுபோல நெருக்கி அடுக்கினால் ஒரு சொட்டும் இறங்காது. அப்படிப்பட்ட கூரையை இடைக்கால யூத அறிஞர் ரபேனு தாம் ஏற்கவில்லை. உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும், மழையும் இறங்க வேண்டும். ஏழு நாளுக்குள் வாடிச் சுருங்கும் கீரை வகைகளைப் பச்சையாக இருக்கும்போதே வெற்றிடமாகத்தான் கணக்கிடுவார்கள்.

பாயை இரும்புச் சட்டத்தின் மேல் நேராகப் போடாமல், குறுக்கே மர வரிச்சுகளை வைத்து அதன் மேல் விரிப்பது நல்லது. கம்பியாலோ நைலானாலோ கோத்த பாயை வாங்குமுன் ரபியிடம் கேட்டுவிடுங்கள். சுவர் முதலில், கூரை பிறகு. அலங்காரம் கூரையிலிருந்து நான்கு கையகலத்துக்குள், சுமார் 32 சென்டிமீட்டருக்குள் தொங்கட்டும்.

மேலே மரக்கிளையோ மாடி பால்கனியோ நீட்டிக்கொண்டிருந்தால் அதன் அடியில் உள்ள பகுதி சுக்கா ஆகாது. எருசலேமின் பல குடியிருப்புகளில் பால்கனிகளை ஒன்றன்மேல் ஒன்று வராமல் விலக்கிக் கட்டியிருப்பது இதற்காகத்தான்.

அடிக்கடி நடக்கும் தவறு தார்ப்பாய். மழைக்கு மூடியதை எடுக்க மறந்து, அதன் கீழேயே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மூடியிருக்கும்வரை அது சுக்கா அல்ல. எடுத்ததும் மறுபடி சுக்காதான், பிரித்து வேய வேண்டியதில்லை. சாப்பிடும்போதே கூழ் கெடும் அளவு மழை பிடித்தால் எழுந்து வீட்டுக்குள் போகலாம் என்று மிஷ்னாவே சொல்கிறது. முதல் இரவு மட்டும், மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசிகளின் வழக்கப்படி, மழையிலும் ஓர் ஆலிவ் அளவு ரொட்டியாவது உள்ளே சாப்பிட வேண்டும். மற்ற நாட்களில் நனைந்துகொண்டே பிடிவாதமாக உட்காருவது பக்தி ஆகாது, அதற்குப் பலனும் இல்லை என்று அஷ்கெனாசிகளின் சட்ட அறிஞர் ரபி மோஷே இஸ்ஸர்லெஸ் கண்டிப்பாக எழுதியிருக்கிறார். உள்ளே போன பிறகு மழை விட்டாலும் அந்தச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம்.