ஸ்டம்ப் உதாரணம் வேண்டாம், கபடி போதும்

வேதபாடத்தைக் கிரிக்கெட், கபடி மாதிரி நடத்தினால் பிள்ளைகளுக்கு இறையியல் சுலபமாக ஏறும் என்கிற இந்தக் கட்டுரையோடு எனக்குப் பாதிதான் சம்மதம். பொறையார் பக்கம் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். 'கபடி கபடி'க்குப் பதிலாகப் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகப் பெயர்களையும் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போய்த் தொட்டு வரச் சொன்னால், சரி, மனப்பாடம் நன்றாகவே ஆகிறது. ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவத்துக்கு மூன்று ஸ்டம்ப், ஒரு விக்கெட் என்று எழுதியிருக்கிறீர்களே, அது இடிக்கிறது. ஒரு ஸ்டம்ப் விக்கெட்டில் ஒரு பங்குதான், குமாரனோ கடவுளில் மூன்றில் ஒரு பங்கு இல்லை, கி.பி. 325இல் நிசேயா நகரில் திருச்சபை ஆயர்கள் கூடிப் பேசியதே முக்கியமாக அவரைப் பிதாவைவிட ஒரு படி குறைத்துவிடக் கூடாது என்றுதான்.

கிருபைக்கு, அதாவது நம் தகுதியைப் பார்க்காமல் கடவுள் இலவசமாகத் தரும் தயவுக்கு, கபடிதான் பொருத்தம். அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவன் தானாக உள்ளே வர முடியாது. கூட ஆடுகிறவன் எதிராளி எல்லைக்குள் போய்த் தொட்டுத் திரும்பினால் அவனுக்கு உயிர். 'கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள்' என்கிற எபேசியர் 2:8 வசனத்தை அரைமணி நேரம் விளக்கியும் முழித்த பையன்கள் இதைச் சொன்னதும் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் நானே ஜெயித்த அணிக்கு மட்டும் கடலைமிட்டாய் கொடுத்தேன். "கிருபை இலவசம்னு சொன்னீங்களேண்ணா?" என்றாள் ஒரு குட்டிப் பெண். அடுத்த வாரம் இரண்டு பாக்கெட் வாங்கினேன்.