83 எட்டு

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்தாயிற்று. வியாழக்கிழமை ராத்திரி, கடலைக்காட்டு வரப்பில் துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி நான் நட்ட கல் மாதிரி நிற்கிறேன், டார்ச் வெளிச்சத்தில் காட்டுப்பன்னி ஆற அமரக் கிளறித் தின்கிறது, பின்னாலிருந்து ஒருத்தர் "சுடுங்க, சுடுங்க" என்கிறார், நான் சுடவில்லை. அவ்வளவுதான் வீடியோ. அதன் கீழே அமெரிக்காவில் ஓஹையோவிலிருந்து என் பெரியம்மா மகன் எழுதினான்: "எங்க ஊர்ல இதே ஷாட்கன், இதே ஸ்லக், 120 கஜத்துல மானை ஒரே வெடியில படுக்க வைக்கிறோம். நம்ம ஆளுங்களுக்குத் தைரியம் பத்தலை." அதற்கு விழுந்த லைக் என் கல்யாண போட்டோவுக்குக்கூட விழவில்லை.

தம்பி, இதே ஷாட்கன் இல்லை. இதே ஸ்லக்கும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. தெரியாதவர்களுக்கு: ஸ்லக் என்றால் சில்லறைக் குண்டுகளுக்குப் பதிலாகத் தோட்டாவில் இருக்கும் ஒரே பெரிய குண்டு.

உன் துப்பாக்கிக் குழலுக்குள் புரி, அதாவது சுற்றிச் சுற்றிப் போகும் காடி, வெட்டியிருக்கிறது. நீ போடுவது பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்திருக்கும் சாபோ ஸ்லக். புரி அந்த உறையைப் பிடித்துச் சுழற்றும், குண்டும் சேர்ந்து சுழலும், வெளியே வந்ததும் உறை கழன்றுகொள்ளும். சுழல்கிற குண்டு நேராகப் போகும். பேர்தான் ஷாட்கன், புரி வெட்டிய பிறகு அது ரைபிளுக்குப் பங்காளி. மேலே டெலஸ்கோப் வேறு. என்னுடையது அப்பா காலத்து ட்வெல்வ் போர் டபுள் பேரல், ரெட்டைக் குழல், உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பு, குறிபார்க்க நுனியில் ஒரு பித்தளை மணி. உன் சாபோவை இதில் போட்டால் சுழற்ற ஆளில்லாமல் குண்டு குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போகும்.

இதில் போடுவது 1931இல் கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் செய்த மாதிரியான ஸ்லக். ஒரு அவுன்ஸ், 28 கிராம் ஈயம். முன்பக்கம் கனம், பின்பக்கம் குழிவு. இறகுப்பந்து ஏன் தலை முன்னால் போகிறதோ அதே காரணத்தால்தான் இதுவும் நேராகப் போகிறது. அந்த ஸ்லக்கின் பக்கவாட்டில் இருக்கிற வரிகளைப் பார்த்து "அதுதான் சுழற்றுது" என்பார்கள். அது பேச்சுக்குத்தான். குழல் வாய் குறுகும் சோக்கில் ஈயம் நசுங்கிக் கடப்பதற்கே அந்த வரி முக்கியமாக உதவுகிறது.

சரி, அப்படியானால் எவ்வளவு தூரம் நம்பலாம்? எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது, தோட்டா டப்பாவும் சொல்லாது, ஓஹையோவும் சொல்லாது. தாளில் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதே துப்பாக்கி, அதே தோட்டா, அளந்த தூரம்.

லைசென்ஸ் என் பேருக்கு மாறிய வருஷம் துப்பாக்கி சுடும் கிளப் மைதானத்துக்குப் போனேன். குறிவைக்க அம்மா பழைய தினசரி காலண்டர் அட்டை ஒன்று கொடுத்தார், மேலே இருந்த முருகன் படத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார். ஐம்பது எட்டில், அதாவது ஐம்பது காலடி தள்ளி, வைத்தேன். வலது குழலில் மூன்று வெடி, மூன்றும் உள்ளங்கைக்குள். எனக்குத் தலை கால் புரியவில்லை. அப்புறம் இடது குழல். மூன்று ஓட்டையும் ஒன்றோடொன்று நெருங்கித்தான் இருந்தன, ஆனால் குறியிலிருந்து ஒரு சாண் தள்ளி. இரண்டு குழலையும் சேர்த்து ஒட்டும்போது சில்லறைக் குண்டுகளுக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள், ஒற்றைக் குண்டுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவேண்டும் என்றில்லை. அன்றைக்குத் தாளில் பார்த்திராவிட்டால் சாகிற வரைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது.

தெரிந்தும் தப்புச் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பன்னி, அறுபது எட்டு இருக்கும். வலது குழல் தவறியது, ஆத்திரத்தில் இடதையும் அழுத்தினேன். பின்தொடையில் பட்டு ஓடியது. விடிய விடியத் தேடினோம், கிடைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் புல் அறுக்கப் போன அக்கா மேல் பாய்ந்துவிட்டது. பதினாலு தையல். அந்த அக்கா இன்றைக்கும் வழியில் பார்த்தால் "சாப்பிட்டியா கண்ணு" என்றுதான் கேட்கிறார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்குப் பிறகு நாற்பத்தைந்து எட்டைத் தாண்டிச் சுடுவதில்லை. மானுக்கு நெஞ்சுப் பகுதியில் எட்டு அங்குல வட்டம் இருக்கிறது என்று உங்கள் ஊர்க்காரர்களே கணக்குச் சொல்கிறார்கள். அதுவும் பகலில், மரத்து மேல் கட்டிய பரணில் அசையாமல் உட்கார்ந்து, நின்று மேய்கிற மானை. இங்கே ராத்திரி, ஒருத்தர் டார்ச்சை ஆட்டிக்கொண்டிருப்பார், பன்னிக்கு அடிக்கவேண்டிய இடம் முன்னங்காலுக்குப் பக்கத்தில் தாழ்வாக, மானைவிடச் சின்னதாக. ஐம்பது கஜத்தில் நாலு அங்குலம் சிதறுவது நூறு கஜத்தில் எட்டு அங்குலம் ஆகும், போதாததற்கு குண்டு ஐந்து அங்குலம் போல இறங்கியும் இருக்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் நின்ற இடத்திலிருந்து குளம்படி இருந்த இடம்வரை நடந்து எண்ணினேன். 83 எட்டு. வீடியோவில் நாற்பது மாதிரிதான் தெரிகிறது. அந்தப் பன்னிக்கு நேர் பின்னால் மோட்டார் ரூம், அதில் ஆள் படுத்திருந்தார். வீடியோ எடுத்தவருக்கும் அது தெரியும்.

"ஸ்லக் ரொம்ப தூரம் போகாது, பயப்படாதீங்க" என்று ஒருத்தர். பென்சில்வேனியாவில் 2007இல் இதையே ஆராய்ந்தார்கள். தரைமட்டமாகச் சுட்டால், பட்டுத் தெறித்து ஓடுவதையும் சேர்த்து, ஸ்லக் ரைபிள் குண்டைவிடக் கூடுதல் தூரம் போகலாம் என்று வந்தது. நான் வரப்பில் நின்று சுடுவது தரைமட்டமாகத்தான்.

"எல்ஜி தோட்டா போட்டால் ஏதாவது ஒரு குண்டு படுமே." எல்ஜி என்றால் ஒரே தோட்டாவுக்குள் பல பெரிய குண்டுகள். படும். ஏதாவது ஒன்றுதான் படும். மேலே தையல் கணக்குச் சொன்னேனே, திரும்பப் படியுங்கள்.

"ரைபிள் வாங்க வேண்டியதுதானே." வாங்கிக் கொடுங்கள், லைசென்ஸோடு.

"ஏன் கொல்லணும், பாவம் இல்லையா." இவர்களுக்கு என்ன சொல்ல, கடலை விதைத்துப் பார்க்கச் சொல்லலாம். 2022 மே மாதம் கேரளா பஞ்சாயத்துத் தலைவருக்குப் பன்னியைச் சுட உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தபோதே விஷம், வெடி, கரண்ட் மூன்றும் கூடாது என்று எழுதித்தான் கொடுத்தது. 2020இல் நம் பாலக்காடு ஜில்லாவிலேயே, பன்னிக்கு வைத்த வெடியைக் கடித்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது ஒரு கர்ப்பிணி யானை. அதைவிடத் துப்பாக்கி மேல் என்றால் குறி தப்பாத துப்பாக்கிதான் மேல். காயப்படுத்தி ஓடவிடுவதற்கு வெடியே போதுமே.

எல்லையில் வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு, வேறு சட்டம். அங்கே காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆள்தான். அந்தப் பக்கத்து ஆட்களும் வந்து எனக்குப் புத்தி சொல்கிறார்கள். மலையாளத்தில் கமெண்ட் போட்டவர்கள் "தமிழன்மார்க்கு பேடி", தமிழனுக்குப் பயம், என்கிறார்கள். தமிழில் போட்டவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், ஒற்றுமை வந்துவிட்டது, சந்தோஷம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிறோம், இரண்டு பக்கமும் ஒரே குரலில் பேசி இப்போதுதான் கேட்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்து "வாங்க, பன்னி வந்துடுச்சு" என்று கூப்பிடும்போது மட்டும் நான் யாருக்கும் பயந்தவன் இல்லை. ஒரு தோட்டாக் காசைக்கூட இதுவரை யாரும் கேட்டுக் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை, இப்போது ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

தம்பி, நீ சுட்ட மான் போட்டோ பார்த்தேன், நல்ல குறி, இல்லை என்று சொல்லமாட்டேன். டிசம்பரில் வருகிறேன் என்றாய். வா. கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், அனுமதி வாங்கி இந்த டபுள் பேரலையே உன் கையில் கொடுக்கிறேன், எண்பத்து மூன்று எட்டில் அட்டை வைக்கலாம். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இந்த வருஷக் காலண்டரில் படத்தை இப்போதே கத்தரித்து வைத்துவிட்டார்.