மருந்து ஏற்ற முதல் ஒரு போத்தல் இரத்தம்

காலபோக விதைப்பு முடிந்து மாரி இறங்கியதும் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் காய்ச்சல்காரர் கூடிவிடுவார்கள். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாம் சனத்துக்குப் பழகிய பெயர்கள். வயலுக்குப் போகிறவர்களுக்கு பிஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பதும் பழகிவிட்டது. மெலியோய்டோசிஸ் என்று சொன்னால் மட்டும், ஆஸ்பத்திரிக்குள் வேலை செய்கிறவர்களில் சிலர்கூட "அது என்ன வருத்தம்?" என்று கேட்கிறார்கள்.

மண்ணிலும் சேற்றிலும் வாழும் ஒரு கிருமியால் வருகிற வருத்தம் அது. வெறுங்காலோடு வரம்பு கட்டுகிறவரின் கால் வெடிப்பால் உள்ளே போகும். பெருமழையும் காற்றும் அடிக்கும்போது மூச்சோடும் போகும், சுத்தமில்லாத தண்ணீரோடும் போகும். சீனி வருத்தக்காரரைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். வயல், குளம், மாரி, சீனி வருத்தம் நாலும் ஒன்றாகச் சேர்ந்த இடம் எது என்று இரணைமடுவுக்குக் கீழேயும் வவுனிக்குளத்துக்குக் கீழேயும் முத்தையன்கட்டுக்குக் கீழேயும் வயல் செய்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. சொல்ல வருவது ஒன்றுதான்: வன்னியில் ஆட்களைக் கொல்லும் கிருமிகளைப் பற்றிய ஆய்வு வன்னி ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே நடக்க வேண்டும். அது தொடங்குகிற இடம் நோயாளிக்கு முதல் அன்டிபயோட்டிக் ஏறுவதற்கு முன் ஒழுங்காக எடுக்கப்பட்ட ஒரு கல்ச்சர் போத்தல் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற போத்தல்) இரத்தம்.

இந்த நோயை 1912இல் முதன்முதலில் எழுதிவைத்தவர்கள் ரங்கூனில் இருந்த வைற்மோர் என்ற வெள்ளைக்கார டொக்டரும் அவரோடு வேலை செய்த கிருஷ்ணசுவாமியும். இலங்கையில் முதல் நோயாளி பதிவானது 1927இல். அதன் பிறகு பல பத்து ஆண்டுகளாக இந்த நாட்டில் இப்படியொரு நோய் பெரிதாக இல்லை என்பது போலவே இருந்தது. 2006க்குப் பிறகு கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் நுண்ணுயிரியலாளர்கள், ஏனோக்கா கொரயா, வசந்தி தேவனேசம் போன்றவர்கள், மினக்கெட்டுத் தேடத் தொடங்கினார்கள். தேடத் தேட நாட்டின் பல மாகாணங்களிலிருந்தும் நோயாளிகள் வெளியே வந்தார்கள். கிருமி திடீரென்று கப்பலேறி வரவில்லை. முதலே இங்கேதான் இருந்தது. பார்க்கிற கண்தான் அப்போது வந்தது.

பார்ப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? இந்த நோய்க்கு என்று ஒரு முகம் கிடையாது. ஒருவருக்கு நியூமோனியாவாக வரும். இன்னொருவருக்கு ஈரலிலோ மண்ணீரலிலோ சீழ்க்கட்டி. வேறொருவருக்கு முழங்கால் வீங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் இருமலும் மெலிவும் என்று அச்சொட்டாகக் கசநோய் மாதிரியே இருக்கும், கசநோய் மருந்தும் தொடங்கிவிடுவார்கள். ஆளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கிருமியை வளர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு மனம் கொதிக்கிற விஷயம் வருகிறது. எங்கள் சனம் காய்ச்சல் என்றால் முதலில் பனடோல். அது கேட்காவிட்டால் சந்தியில் இருக்கிற பாமசியில் கேட்டு இரண்டு அன்டிபயோட்டிக் குளிசை. அப்படியும் விடாவிட்டால் பின்னேர கிளினிக்கில் ஒரு ஊசி. கடைசியில் ஆள் இயலாமல் போன பிறகு ஆஸ்பத்திரி. அங்கேயும் அவசரம். சேலைனோடு செஃப்ட்ரியாக்சோன் என்ற அன்டிபயோட்டிக் ஏறிவிடும், "கல்ச்சரை விடிய எடுப்பம்" என்றாகிவிடும். விடிய எடுத்த இரத்தத்தில் கிருமி அரைமயக்கத்தில் கிடக்கும், போத்தலில் வளராமல் போகலாம். மெலியோய்டோசிஸைக் குணப்படுத்த அந்த மருந்தை நம்ப முடியாது. ஆனால் கிருமியை ஆய்வுகூடத்தின் கண்ணுக்குப் படாமல் மறைக்க அது போதும்.

ஒருநாள் ஒரு பிள்ளை றிப்போட் எடுக்க வந்தது. தகப்பன் வயல்காரர், சீனி வருத்தமும் இருந்தது. தாளில் வளர்ச்சி இல்லை என்று இருந்ததை வாசித்துவிட்டு, "ஒண்டும் வளரேல்லை எண்டால் அப்பாவுக்குக் கிருமி ஒண்டும் இல்லை எண்டுதானே மிஸ்?" என்று கேட்டது. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எடுத்த நேரம் பிந்திவிட்டது, அதனால் இந்தத் தாள் ஒன்றையும் உறுதியாகச் சொல்லவில்லை என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தாளை வைத்துக்கொண்டு அந்த வாங்கில் கனநேரம் இருந்தது. அதே தாளை வைத்து வாட்டிலும் முடிவெடுப்பார்களே என்பதுதான் என் பயம்.

இனி, நேரத்தோடு எடுத்து அனுப்பினாலும் வேலை முடிந்துவிடாது. பெரியவர் ஒருவருக்கு ஒரு போத்தலுக்கு 8 முதல் 10 மில்லிலீற்றர் இரத்தம் வேண்டும். நரம்பு கிடைக்கவில்லை என்று 2 மில்லிலீற்றர் விட்டு அனுப்பினால், கிருமி அந்தச் சொட்டுக்குள் இருக்க வேண்டும் என்று நேர்ந்துகொள்ள வேண்டியதுதான். தோலைத் துடைத்த மருந்து காய முதல் குத்தினால் தோலில் இருக்கிற கிருமியும் சேர்ந்து வரும். போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது. இதையெல்லாம் படித்துத்தான் எல்லோரும் வேலைக்கு வருகிறார்கள். ஆனால் இரவு ஒரு மணிக்கு, வாட்டில் கட்டிலுக்குக் கீழேயும் நோயாளி படுத்திருக்கும்போது, ஒரே ஒரு தாதி மிஸ் எத்தனை பேரைப் பார்ப்பா?

ஆய்வுகூடத்தில் கிருமி வளர்க்கிற தட்டில் வளர்ந்த பிறகும் தவறிப்போகும். இது சூடோமோனாஸ் வகைக் கிருமிகளைப் போலவே இருக்கும். பழகாத கண் 'வெளியிலிருந்து வந்த அசுத்தம்' என்று தட்டைத் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் சந்தேகப்படத் தெரிந்தவருக்கு வழி இருக்கிறது. நுணுக்குக்காட்டியில் இரண்டு முனையும் சாயமேறி நடு வெளிறின குச்சிகள். ஒக்சிடேஸ் சோதனையில் நிறம் மாறும். ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காது, கோ-அமொக்சிகிளாவுக்கு அடங்கும். இந்த மூன்று மருந்தும் தோய்த்த சின்ன வட்டுகளை ஒரே தட்டில் வைத்துப் பார்த்தாலே நிபுணரை எழுப்பவேண்டிய அளவுக்குச் சந்தேகம் வந்துவிடும். பெரிய இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. ஒன்று மட்டும்: தட்டைத் திறந்து மணந்து பார்க்கிற பழைய பழக்கம் இந்தக் கிருமியிடம் கூடாது. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவரையே பிடிக்கக்கூடியது. சந்தேகம் வந்தால், கிருமி வெளியே பரவாமல் தடுக்கிற பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் திறக்க வேண்டும். மாவட்ட ஆய்வுகூடங்களுக்கு இந்தப் பெட்டியைக் கேட்டால் அதை ஆடம்பரம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

சரி, கண்டுபிடித்தால் என்ன செய்யலாம்? இங்கேதான் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிற கதை இருக்கிறது. தாய்லாந்தின் வடகிழக்கில் உபோன் ராச்சதானி என்று ஒரு மாகாணம். நெல் விதைக்கிற, காசு குறைந்த பகுதி. அங்குள்ள மாகாண ஆஸ்பத்திரியில் 1980களில் இந்த நோயோடு வந்தவர்களில் பெரும்பகுதி செத்துப்போனார்கள். அந்த ஆஸ்பத்திரி வைத்தியர்களும் வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்களும் சேர்ந்து, பழைய மருந்துக் கலவையையும் செஃப்டாசிடிம் என்ற ஊசி மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1989இல் முடிவு வெளிவந்தது. கடுமையான நோயில் பழைய மருந்தோடு இறந்தவர்கள் 74 வீதம், செஃப்டாசிடிமோடு 37 வீதம். சாவு பாதியாகக் குறைந்தது. இன்று உலகம் முழுவதும் இந்த நோய்க்கு முதலில் எடுக்கிற மருந்து அதுவும் மெரோபெனமும்தான்.

பிறகும் அவர்கள் நிற்கவில்லை. ஊசிக்குப் பிறகு மாதக்கணக்கில் விழுங்கவேண்டிய குளிசைகளில் எது போதும் என்று பார்த்தார்கள். கோ-ட்ரைமொக்சசோல் தனியாகவே போதும், டொக்சிசைக்கிளினைச் சேர்ப்பதால் கூடுதல் பயன் இல்லை என்ற முடிவு 2014இல் வந்தது. குளிசை குறைந்தால் பக்கவிளைவும் குறையும், நோயாளி இடையில் விடுவதும் குறையும். கல்ச்சர் போட்டாலும் உண்மையான நோயாளிகளில் ஏறத்தாழ 60 வீதத்தினரைத்தான் பிடிக்கும் என்று கணக்கிட்டதும் உபோன் நோயாளிகளை வைத்துத்தான். அதனால்தான் இரத்தத்தோடு நிற்காமல் சீழ், சளி, சிறுநீர், தொண்டைத் துடைப்பு எல்லாம் அனுப்பச் சொல்கிறார்கள்.

லண்டனிலோ நியூயோர்க்கிலோ இந்த ஆய்வைச் செய்திருக்க முடியாது, அங்கே நோயாளி இல்லை. நோய் இருக்கிற இடத்து ஆஸ்பத்திரிதான் செய்தது. உபோனில் முடிந்தது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் முடியாது என்று எனக்குச் சொல்லாதீர்கள். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலில் ஆட்கள் அடுத்தடுத்து இறந்தபோது ஊர் முழுக்க 'மர்மக் காய்ச்சல்' என்றுதான் கதைத்தது. சோதித்துப் பார்த்து எலிக்காய்ச்சல் என்று உறுதியான பிறகுதான் யாருக்கு என்ன குளிசை கொடுப்பது என்று தெரிந்தது. பெயர் தெரிந்தால்தான் மருந்து. அந்தப் பெயரைச் சொல்லுகிற ஆய்வுகூடம் நோயாளிக்குக் கிட்ட இருக்க வேண்டும். மாதிரி ஏ9 வீதியால் பஸ்ஸிலோ ஆஸ்பத்திரி வாகனத்திலோ வெயிலில் போய்ச் சேர்ந்து, முடிவு திரும்பி வருவதற்குள் ஆள் பிழைக்கலாம், பிழைக்காமலும் விடலாம்.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே பரவுகிற தொற்றையும் விட்டுவிட முடியாது. மெலியோய்டோசிஸ் ஆளிலிருந்து ஆளுக்குத் தாவுவது மிக அரிது, அதனால் பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர் பயப்படத் தேவையில்லை. மருந்துக்கு அடங்காத அசினெற்றோபக்டர், கிளெப்சியெல்லா, எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமிகள் எல்லாம் அப்படியில்லை. கையோடு கட்டில் கட்டிலாகப் போகும். நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் ஆஸ்பத்திரியில் படுக்கும் 100 பேரில் 15 பேர் அங்கேயே ஒரு தொற்றை வாங்கிக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. பணக்கார நாடுகளில் 7 பேர். ஜெனீவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டிடியே பிட்டே என்ற வைத்தியரின் குழு கட்டிலோரமாக அல்ககோல் கைமருந்தை வைத்துப் பார்த்தது. கை சுத்தம் செய்வது 1994இல் 48 வீதமாக இருந்தது, 1997இல் 66 வீதமானது. ஆஸ்பத்திரித் தொற்று 16.9 வீதத்திலிருந்து 9.9 வீதத்துக்கு இறங்கியது.

ஜெனீவாவில் எண்ணியது ஊழியர்களின் கைகளை. எங்கள் வாட்டில் நோயாளியைத் தொடுகிற கைகளில் எத்தனை ஊழியருடையவை? துணைக்கு நிற்கிற மகள்தான் அம்மாவுக்கு உடம்பு துடைக்கிறாள், சிறுநீர்ப் பையை வெறுமையாக்குகிறாள். அதே கையோடு பக்கத்துக் கட்டிலில் ஆளில்லாமல் கிடக்கிற ஆச்சிக்கும் தண்ணி பருக்குகிறாள். அது அன்பு. அதைத் தடுக்க எந்த மிஸ்ஸுக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் அந்தக் கைக்கு யாரும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை, கைமருந்துப் போத்தலைக் காட்டி "பிள்ளை, இதைப் பூசிவிட்டுப் போய்க் குடு" என்று சொல்லவும் இல்லை. துணைக்கு நிற்கிறவரின் கையைக் கணக்கில் எடுக்கிற ஆய்வு எங்களைப் போன்ற இடங்களிலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது ஆய்வாளர்களுக்கு. வன்னிச் சனம் படிவம் நிரப்பிக் களைத்த சனம். போருக்குப் பிறகு எத்தனை பேர் வந்தார்கள், குடும்ப விபரம் கேட்டார்கள், குந்தியிருந்து எழுதினார்கள், போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒரு விவசாயியின் இரத்தத்தையும் அவருடைய வயல் மண்ணையும் எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால், முடிவை அவருடைய கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் தமிழில் வந்து சொல்ல வேண்டும். மாநாட்டில் வாசித்துவிட்டுப் போவதை நான் ஆய்வு என்று ஏற்கமாட்டேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் இங்குள்ள ஆட்களையும் பழக்கிவிட்டுப் போக வேண்டும். திட்டக் காசு முடிந்ததும் வட்டும் தட்டும் முடிந்து ஆய்வுகூடம் பழையபடி ஆகிவிடுகிற ஆய்வு எங்களுக்கு வேண்டாம்.

மருந்தை இடையில் விடுகிற விஷயத்தைப் பற்றியும் ஒரு சொல். மெலியோய்டோசிஸுக்கு இரண்டு கிழமைக்குக் குறையாமல் ஊசி, பிறகு மூன்று மாதக் குளிசை. அறுவடை வந்தால் கிளினிக் போகாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என்று நினைக்காதீர்கள், குளிசையை இடையில் நிறுத்தினவருக்கு இது திரும்பி வரலாம்.

மருத்துவ பீடத்திலோ, அறிவியல் நகரில் விவசாய பீடத்திலோ, வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வுத் தலைப்புத் தேடுகிற தம்பி, தங்கைமார் இதை வாசிக்கிறீர்கள் என்றால், சில வேலைகள் அப்படியே காத்துக் கிடக்கின்றன. எங்கள் வயல்களில் 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் மண் எடுத்து இந்தக் கிருமி எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு வரைபடம். காய்ச்சலோடு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு முதல் அன்டிபயோட்டிக்குக்கு முன் கல்ச்சர் எடுக்கப்படுகிறது என்ற கணக்கு. துணைக்கு நிற்கிறவர்களுக்குக் கைமருந்து பழக்கினால் வாட்டில் தொற்றுக் குறைகிறதா என்ற சோதனை. முதலாவதுக்கு மண்வெட்டியும் பொறுமையும் வேண்டும், இரண்டாவதுக்கு ஒரு கொப்பியும் ஆஸ்பத்திரியின் அனுமதியும் போதும். மூன்றாவதுக்கு வைத்தியர்கள், மிஸ்மார், தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியர் எல்லோரும் சேர வேண்டும். விருப்பமானவர்கள் கொமென்டில் சொல்லுங்கள், அடுத்த மாரிக்கு முன் இருந்து கதைப்போம்.