தண்ணீர் புகும் என்பதாலா ஹெட்போன் துளை போனது?

"ஹெட்போன் துளை இருந்தால் போனுக்குள் தண்ணீர் புகும், அதனால்தான் எடுத்துவிட்டார்கள்" என்று கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. 2016-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்7-இல் 3.5 மி.மீ. துளையும் இருந்தது, தூசியும் நீரும் புகாமல் தாங்கும் ஐபி68 தரமும் இருந்தது. துளை இல்லாவிட்டால் நீர் புகாமல் அடைப்பது எளிது, அவ்வளவுதான். அதே ஆண்டு ஐபோன் 7 துளையைக் கைவிட்டதற்கு முக்கியக் காரணம் இட நெருக்கடி. ஹெட்போன் வயரின் முனை ஏறத்தாழ 14 மி.மீ. உள்ளே போகும். வயர்லெஸ் இயர்போன் விற்பனையும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம்.

துளை இல்லாத போனில் பழைய ஹெட்போனை இணைக்க நேரு வீதியில் டைப்-சி கனெக்டர் வாங்கினால், டிஜிட்டல் சிக்னலை ஒலிக்கான அனலாக் சிக்னலாக மாற்றும் டாக் (DAC) சிப் உள்ளதா என்று கேளுங்கள். சிப் இல்லாதது பல போன்களில் ஒலியே தராது. பழுது போனில் இல்லை.

இன்னொன்று: ஐபி68 சோதனை நன்னீரில் நடப்பது. சில்வர் பீச் அலையில் போனை நனைக்காதீர்கள்.