'பாஸ்பியே' வெர்சாய் அரண்மனையில் பிறந்ததா?

பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் 'பாஸ்பியே' பியானோ வீடியோவுடன் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாஸ்பியே என்ற பழைய நடனம் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையில் பிறந்தது, பிரிட்டனி கிராமத்தார் பின்னர் காப்பியடித்தார்கள், வீடியோவில் கேட்பதே அசல் தாளம் என்கிறது. இது தவறு.

நடந்தது நேர்மாறானது. பாஸ்பியே பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பிரிட்டனி மக்களின் ஆட்டம். 16ஆம் நூற்றாண்டு எழுத்துகளிலேயே அதன் பெயர் வருகிறது. லூயி அரசவையை வெர்சாய்க்கு மாற்றியதோ 1682இல்தான். அதற்கு முன்பே, 1671இல், பிரிட்டனியின் வித்ரே ஊர்ப் பக்கம் இருந்த பிரபுகுலக் கடித எழுத்தாளர் மதாம் த செவிஞே, உள்ளூர்க்காரர்கள் ஆடிய பாஸ்பியேவைப் பார்த்துச் சொக்கிப்போய் மகளுக்குக் கடிதம் எழுதினார். இதோடு ஒப்பிட்டால் அரசவையின் பாஸ்பியே ஒன்றுமே இல்லை என்பது அவர் தீர்ப்பு! அரசவையை நன்கு அறிந்தவர் சொன்னது என்பதால் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா' தளத்தில் அவர் கடிதங்களை இலவசமாகப் படிக்கலாம்.

சரி, தாளம்? பரோக் காலத்து (17, 18ஆம் நூற்றாண்டு) பாஸ்பியே மூன்று அடித் தாளம், பெரும்பாலும் 3/8, துள்ளலான வேகம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் முதல் ஆர்கெஸ்ட்ரா சூட்டின் (நடன இசைத் தொகுப்பு) கடைசிப் பகுதியைக் கேளுங்கள். தெபுஸ்ஸியின் படைப்பு 1905இல் வெளியானது, 4/4இல், அதாவது நான்கு அடித் தாளத்தில் நடக்கிறது. அருமையான இசைதான், ஆனால் பழைய ஆட்டத்தின் தாளம் அதுவல்ல. இசைத்தாளின் முதல் வரியிலேயே இதைப் பார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.