மிட் சஃபோக் தேர்தல் முடிவும் கலைக்கப்படவிருக்கும் மன்றமும்

2023 மே 4ஆம் தேதி இங்கிலாந்தின் மிட் சஃபோக் மாவட்ட மன்றத்துக்கு நடந்த தேர்தலில், மொத்தமுள்ள 34 இடங்களில் 24 இடங்களைப் பசுமைக் கட்சி வென்றது. கன்சர்வேடிவ் கட்சிக்கு 6, லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 4 இடங்கள் கிடைத்தன. லேபர் கட்சிக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. பிரிட்டனில் ஒரு மன்றத்தைப் பசுமைக் கட்சி தனிப் பெரும்பான்மையோடு கைப்பற்றியது அதுவே முதல் முறை. அந்த வெற்றிக்குச் சொல்லப்பட்ட விளக்கங்கள் எவையும் எனக்கு நிறைவளிக்கவில்லை. அந்த மன்றத்தையே கலைத்துவிடும் திட்டம் இப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருப்பதால், அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்ஸ்விச் நகருக்கு வடக்கிலும் மேற்கிலும் விரிந்து கிடக்கும் வேளாண் நிலம் அது. கோதுமை, பார்லி, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்கள்; அவற்றினிடையே பழைய தேவாலயக் கோபுரங்களைச் சுற்றி அமைந்த சிற்றூர்கள்; ஸ்டோமார்க்கெட், நீதம் மார்க்கெட் போன்ற சில சந்தை நகரங்கள்; ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்குச் சரக்குந்துகள் ஓயாமல் செல்லும் ஏ14 நெடுஞ்சாலை. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டம் முழுவதிலும் ஏறத்தாழ 1,02,700 பேர்தான் வாழ்கிறார்கள். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா என்று கேட்கப்பட்டபோது, வாக்களித்தவர்களில் 55 விழுக்காட்டினர் விலகலாம் என்றே சொன்னார்கள். பல்கலைக்கழகங்களும் இளைஞர் கூட்டமும் நிறைந்த பிரைட்டன் போன்ற நகரங்களைத்தான் பசுமைக் கட்சியின் தாய்வீடாகப் பலரும் எண்ணியிருந்தார்கள். அதே மே மாதத் தேர்தலில் பிரைட்டனில் அக்கட்சி 7 இடங்களோடு சுருங்கிப்போயிற்று. லேபர் அங்கே 38 இடங்களை வென்று பெரும்பான்மை பெற்றது. நகரத்தில் தோற்ற அதே வேளையில் வயல்வெளியில் வென்றார்கள் என்பதை யாரும் கடந்துபோகக் கூடாது.

கன்சர்வேடிவ் அரசின் மீதிருந்த கோபமே காரணம் என்பது எளிதில் சொல்லப்படும் விளக்கம். கோபம் இருந்தது உண்மை. பொதுமுடக்கக் காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகள், லிஸ் டிரஸ் ஆட்சியின் சில வாரக் குழப்பத்தில் எகிறிய வீட்டுக்கடன் வட்டி ஆகியவற்றுக்குப் பின் வந்த தேர்தல் அது. இங்கிலாந்து முழுவதிலும் அன்று கன்சர்வேடிவ் கட்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்சிலர்களை இழந்தது. ஆனால் கோபம் மட்டுமே காரணமென்றால், அந்தத் தேர்தலில் நாடெங்கும் மிகுதியாக வளர்ந்த லேபர் கட்சிக்கு மிட் சஃபோக்கில் ஓரிடமாவது கிடைத்திருக்க வேண்டும். கோபம் ஒரு கட்சியை வீழ்த்தக்கூடும். அந்த இடத்தில் யார் வந்து அமர்வது என்பதை வேறு ஏதோ ஒன்று தீர்மானித்திருக்கிறது.

2015இல் 40 இடங்கள் கொண்டிருந்த அதே மன்றத்தில் கன்சர்வேடிவ் கட்சிக்கு 29 இடங்கள், பசுமைக் கட்சிக்கு 5. எல்லை மறுவரையறைக்குப் பின் 34 இடங்களாகக் குறைக்கப்பட்டு 2019இல் தேர்தல் நடந்தபோது கன்சர்வேடிவ் 16, பசுமைக் கட்சி 12, லிபரல் டெமாக்ரட் 5. அடுத்த தேர்தலில் பசுமைக் கட்சி 24. இந்தப் படிப்படியான ஏற்றம் ஒரே பருவத்துக் கோபத்தால் வந்திருக்க முடியாது. ஒரு வார்டைத் தேர்ந்தெடுத்து, தேர்தல் இல்லாத மாதங்களிலும் வீடு வீடாகச் சென்று, குறை கேட்டு, அதன்மேல் எடுத்த நடவடிக்கையைத் துண்டறிக்கையாக அச்சிட்டு மறுபடியும் அதே கதவுகளைத் தட்டுவது, அங்கே வென்ற பிறகு பக்கத்து வார்டுக்கு நகர்வது என்பது அக்கட்சி இங்கிலாந்தில் நீண்டகாலமாகக் கடைப்பிடிக்கும் முறை. பேருந்து நிறுத்தப்பட்ட ஊர், நடைபாதையில்லாத சாலை, ஓரமாய் எழும்பும் புதுக் குடியிருப்புக்குப் போதிய மருத்துவரும் பள்ளியும் இல்லாத நிலை ஆகியவைதான் அந்தத் துண்டறிக்கைகளில் இடம்பெறும். பருவநிலை மாற்றம் என்னும் பெருஞ்சொல்லைக் கேட்டு மட்டும் அந்த ஊர்களில் வாக்கு விழுந்ததாக நான் நம்பவில்லை. தங்கள் கவுன்சிலர் யார் என்று தெரிந்து, அவர் தங்களுக்காக உழைத்ததையும் பார்த்தவர்கள், அவருடைய கட்சியின் நிறத்தைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை என்பதே என் கணிப்பு. தன் வாழ்நாள் முழுவதும் கன்சர்வேடிவ் கட்சிக்கே வாக்களித்த ஒரு முதிய விவசாயியும் பக்கத்து வீட்டு இளம் ஆசிரியையும் ஒரே வேட்பாளரின் பெயருக்கு நேரே பெருக்கல் குறியிடுவது இப்படித்தான் நடக்கிறது.

இதற்கு மன்றத்தின் அளவும் ஒரு காரணம். ஒரு கவுன்சிலருக்கு ஏறத்தாழ 3,000 பேர். இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க வைப்புத்தொகை கிடையாது. பெரும் பணம் தேவையில்லை. கால்வலியைப் பொறுத்துக்கொண்டு ஊர் ஊராக நடக்கும் மனம் இருந்தால் ஆசிரியரோ தச்சரோ ஓய்வுபெற்ற செவிலியரோ நின்று வெல்லலாம். இந்திய, இலங்கைக் குடியுரிமையோடு முறையாக இங்கே வாழும் நம்மவர்கள்கூட, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க உரிமை பெற்றவர்கள். பலருக்கு இது தெரிவதேயில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். 2023 தேர்தலில்தான் இங்கிலாந்தில் முதன்முறையாக வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளச் சான்று கட்டாயமாக்கப்பட்டது. அதைக் காட்ட இயலாமல் குறைந்தது 14,000 பேர் வாக்களிக்க முடியாமல் போனதாகத் தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. இந்தியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் அங்கே ஏற்கப்படும் சான்றுகளே.

வென்றவர்கள் கையில் எவ்வளவு அதிகாரம் வந்தது என்று கேட்டால், மிகக் கொஞ்சம் என்றுதான் சொல்ல வேண்டும். சாலை, பள்ளி, முதியோர் பராமரிப்பு, நூலகம் ஆகிய அனைத்தும், மாவட்டங்களுக்கு மேலடுக்காக உள்ள சஃபோக் கவுண்டி மன்றத்தின் பொறுப்பு. மாவட்ட மன்றத்துக்குக் குப்பை அகற்றுதல், மன்றம் வாடகைக்கு விடும் வீடுகள், உணவுச் சுகாதாரம், கட்டட அனுமதி போன்றவை உண்டு. குடும்பங்களிடமிருந்து கவுன்சில் வரியை வசூலிப்பது மாவட்ட மன்றம். அதில் பெரும்பங்கைப் பெற்றுச் செலவிடுவது கவுண்டி மன்றம். மக்கள் மிகுதியாகக் கொந்தளிக்கும் கட்டட அனுமதியில்கூட மாவட்டத்தின் கை பாதி கட்டப்பட்டதுதான். அடுத்த ஐந்தாண்டு வீட்டுத் தேவைக்குப் போதிய நிலம் ஒதுக்கியிருப்பதாக மன்றம் காட்ட வேண்டும் என்பது தேசியக் கொள்கை. அதைக் காட்டத் தவறினால், மன்றம் மறுத்த விண்ணப்பத்தைக் கட்டுமான நிறுவனம் மேல்முறையீட்டில் வென்றெடுப்பது எளிதாகிவிடும்.

மின்கோபுரப் பிரச்சினை இதைவிடக் கடினமானது. கடலில் அமைக்கப்படும் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கொண்டுசெல்ல, நார்விச்சிலிருந்து தேம்ஸ் கரையிலுள்ள டில்பரி வரை சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு உயரழுத்த மின்தடம் அமைக்க, மின்கடத்தல் நிறுவனமான நேஷனல் கிரிட் திட்டமிட்டிருக்கிறது. அதன் பெரும்பகுதி வயல்களுக்கு மேலே கோபுரங்களில் செல்லும். மிட் சஃபோக்கின் ஊர்களும் அந்த வழியில் இருக்கின்றன. காற்றாலை மின்சாரம் வேண்டும் என்று நாடெங்கும் பேசும் கட்சி, தன் ஊர்களில் கோபுரங்களுக்கு ஆட்சேபம் எழும்போது என்ன செய்யும்? ஏளனம் செய்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பாக அமைந்தது. கடலடி வழி போன்ற மாற்றுகளை ஆராய வேண்டும் என்று கேட்பதை நான் தவறாகக் கருதவில்லை. நிலத்தை உழுது வாழ்பவர்களுக்கு அப்படிக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் மாற்று வழிகளுக்கு ஆகும் கூடுதல் செலவையும் காலத்தையும் மறைக்காமல் அதே மக்களிடம் சொல்ல வேண்டிய கடமை, மற்ற கட்சிகளைவிடப் பசுமைக் கட்சிக்கு மிகுதியாக இருக்கிறது. அதைப் போதிய அளவு செய்தார்கள் என்று என்னால் சொல்ல இயலவில்லை. எப்படியாயினும் அந்தத் திட்டத்தில் இறுதி முடிவு லண்டனிலுள்ள அமைச்சருடையது. மாவட்ட மன்றம் தன் கருத்தைத் தெரிவிக்கலாம், அவ்வளவே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015இல் கன்சர்வேடிவ் கட்சிக்கு 40இல் 29. 2023இல் பசுமைக் கட்சிக்கு 34இல் 24. இரண்டுமே பத்தில் ஏழு பங்குக்குச் சற்று மேல். மக்களின் வாக்குகள் இரண்டு முறையும் அவ்வளவு ஒருதலையாக விழவில்லை; அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி பெறும் முறை அவற்றை அப்படி ஊதிப் பெருக்குகிறது. வாக்கு விகிதத்துக்கேற்ப இடங்கள் தரும் விகிதாச்சார முறையை ஆதரிப்பவன் என்பதால், எனக்குப் பிடித்த முடிவு வந்தபோதும் இந்த அநீதி அநீதியாகவே தெரிகிறது. எதிரணியில் பத்துப் பேர் மட்டும் அமர்ந்திருக்கும் மன்றத்தில் ஆளுங்கட்சியை யார் கேள்வி கேட்பது?

ஓராண்டு கழித்து, 2024 ஜூலை நாடாளுமன்றத் தேர்தலில், சஃபோக்–நார்ஃபோக் எல்லையைத் தழுவிப் புதிதாக உருவான வேவனி வேலி தொகுதியைப் பசுமைக் கட்சியின் ஏட்ரியன் ராம்சி வென்றார். அக்கட்சி அன்று வென்ற நான்கு தொகுதிகளில் இதுவும் வடக்கு ஹெரிஃபோர்ட்ஷயரும் கிராமப்புறத் தொகுதிகள். மாவட்ட மன்றத்தில் போடப்பட்ட அடித்தளம் இல்லாமல் வேவனி வேலி கிடைத்திருக்காது.

அந்த அடித்தளத்தைத்தான் இப்போது தோண்டி எடுக்கப் போகிறார்கள். 2024 டிசம்பரில் லேபர் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை என்னும் கொள்கை ஆவணம், கவுண்டி, மாவட்டம் என்னும் இரண்டடுக்கு முறையை ஒழித்து, பொதுவாக ஐந்து லட்சம் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ ஓர் ஒற்றை மன்றம் அமைக்கலாம் என்கிறது. 2025 மே மாதம் நடக்க வேண்டிய சஃபோக் கவுண்டித் தேர்தலும் இதைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. சஃபோக் முழுமைக்கும் ஒரே மன்றம் போதும் என்று கவுண்டி மன்றம் கேட்டது. மூன்று மன்றங்கள் வேண்டும் என்று மாவட்ட மன்றங்கள் கேட்டன. இரண்டில் எது நிறைவேறினாலும் மிட் சஃபோக் என்னும் மன்றம் இருக்காது.

இரண்டடுக்கு முறையில் குழப்பம் இல்லை என்று நான் வாதிடவில்லை. சாலைக் குழிக்கு ஓரிடமும் குப்பைத் தொட்டிக்கு வேறிடமுமாக மக்கள் அலைவது நியாயமாகாது. மன்றங்களின் நிதி நெருக்கடியும் பொய்யல்ல. மிட் சஃபோக்கின் தலைமை அலுவலகம் 2017இலேயே நீதம் மார்க்கெட்டை விட்டு, மாவட்ட எல்லைக்கு வெளியேயுள்ள இப்ஸ்விச்சுக்குப் போய்விட்டது. பக்கத்து மாவட்டமான பேபர்க்கோடு ஊழியர்களையும் பகிர்ந்துகொள்கிறது. அலுவலகம் தொலைவுக்குப் போனாலும் கவுன்சிலர் ஊரிலேயே இருந்தார் என்பதுதான் இதுவரை ஆறுதலாக இருந்தது. ஏழரை லட்சம் பேருக்கு ஒரே மன்றம் என்றானால் அந்த ஆறுதலும் போய்விடும். ஒரு கவுன்சிலர் பார்க்க வேண்டிய ஊர்கள் பெருகும்போது, நடந்து சென்று கதவு தட்டும் வேட்பாளரைவிட, தேசியக் கட்சியின் பணமும் தொலைக்காட்சி விவாதமும் வலுப்பெறும்.

மன்றங்களை இணைத்தே தீர வேண்டுமென்றால், அரசு குறைந்தபட்சம் இரண்டு உறுதிகளைத் தர வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு கவுன்சிலருக்குரிய மக்கள்தொகை இன்றுள்ள அளவை விட்டுப் பெரிதும் உயராதபடி வார்டுகளை வகுக்க வேண்டும். கட்டட அனுமதி வழங்கும் குழுக்கள் அந்தந்தப் பகுதியிலேயே, ஸ்டோமார்க்கெட் போன்ற ஊர்களில், பொதுமக்கள் வேலை முடிந்து வரக்கூடிய மாலை நேரத்தில் கூட வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, இணைப்பால் மிச்சமாகும் என்று அரசு சொல்லும் தொகையிலிருந்தே வரட்டும்.